உயர்தெளிவு வீடியோ காமிரா: ஒரு மதிப்பீடு

2010-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தப்பா, உள்ளங்கையில் அடங்கும் வீடியோ காமிரா ஒன்றை எனக்குக் கொடுத்துச் சென்றார். அப்போது நான் சிதம்பரத்தில் இயற்பியல் முதுகலை மாணவன். காமிராவின் பக்கவாட்டில் '1080' என்ற எண் வெள்ளி நிறத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. எங்கள் அண்ணாகிராமம் பகுதியில் அந்த எண்ணைத் தாங்கிய கருவி அதுவே முதலாவது என்று நான் பெருமையாக எண்ணிக்கொண்டதுண்டு.

அடுத்த ஆண்டு, 2011 டிசம்பர் 30 காலையில், 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, அண்ணாகிராமம் வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் ஒரே காலைப் பொழுதில் சாய்ந்தன. பாட்டன் காலத்துப் பலா மரங்கள் வேரோடு கிடந்தன. நான் காமிராவை எடுத்துக்கொண்டு தோப்பு தோப்பாக நடந்தேன். எங்கள் ஆயா வாசலில் உட்கார்ந்தபடி கேட்டார்: "வுழுந்த மரத்த படம் புடிச்சி இன்னாடா பண்ணப் போற?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. பின்னர் கல்லூரி ஆசிரியனாகி, அதே காமிராவை ஆய்வுக்கூடத்திலும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் ஒருவாறு விடை கிடைத்தது. இக்கட்டுரை அந்தக் கருவியைப் பற்றிய மதிப்பீடு. படம் அழகாக இருக்கிறதா என்பது இங்கு நம் கேள்வியன்று. நாம் எடுத்த படம் நாளை எதற்காவது சான்றாக நிற்குமா என்பதே கேள்வி.

எண் சொல்வதும் சொல்லாததும்

வீட்டு உபயோகத்துக்கான, காமிராவும் பதிவுக் கருவியும் ஒன்றாய் இணைந்த சாதனம் 1983-இல் சோனி நிறுவனத்தின் 'பீட்டாமூவி' மூலம் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் சிறிய வீ.எச்.எஸ். நாடாவில் பதியும் காமிராவை வெளியிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2003-இல், சிறிய நாடாவில் உயர்தெளிவுப் படத்தைப் பதியும் 'எச்.டி.வி.' முறை அறிவிக்கப்பட்டது. 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 'ஏ.வி.சி.எச்.டி.' என்ற முறையை அறிவித்தன. நாடா போய், நினைவக அட்டையும் சிறு வன்தட்டும் வந்தன. என் காமிரா இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1080 என்பது படத்தில் மேலிருந்து கீழாக உள்ள வரிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு வரியிலும் 1,920 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் வரும். நம் நாட்டில் வழங்கிய பழைய தொலைக்காட்சி முறையில் டி.வி.டி. தட்டுகளின் படம் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு உயர்வு! இது பொய்யன்று. பழைய படத்தில் வெறும் பச்சைத் திட்டாகத் தெரிந்த பலா இலை, புதிய படத்தில் நரம்போடு தெரிகிறது.

ஆனால் ஐந்து மடங்கு புள்ளி என்பதும் ஐந்து மடங்கு செய்தி என்பதும் ஒன்றல்ல. புள்ளி என்பது ஒரு பெட்டி. அதனுள் என்ன விழுகிறது என்பதை வில்லை, வெளிச்சம், காலம் ஆகியவையே தீர்மானிக்கின்றன. விளம்பரம் பெட்டிகளை எண்ணிக் காட்டுகிறது. உள்ளே இருப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பதைச் சமைத்துத்தானே பார்க்க வேண்டும்?

வெளிச்சமும் வில்லையும்

இவ்வகைக் காமிராவில் பிம்பம் விழும் உணர்வித் தகடு மிகச் சிறியது. அகலம் ஏறக்குறைய 3.5 மி.மீ. என்று கொள்வோம்; ஓர் அரிசியை விடச் சிறியது. அதில் 1,920 புள்ளிகளை நிரப்பினால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 1.8 மைக்ரான்.

இனி, நாம் கல்லூரியில் படிக்கும் ஒளி விளிம்பு விளைவை நினைவுக்குக் கொண்டு வருவோம். எவ்வளவு சிறந்த வில்லையானாலும் ஒரு புள்ளி ஒளியை அது புள்ளியாகக் குவிக்காது. சிறு வட்டாகவே குவிக்கும். அவ்வட்டின் விட்டம் = 2.44 × அலைநீளம் × எஃப் எண். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். எஃப் எண் 2 ஆக இருக்கும்போது வட்டின் விட்டம் 2.7 மைக்ரான், அதாவது ஒன்றரைப் புள்ளி, தாழ்வில்லை. ஆனால் சித்திரை மாத உச்சி வெயிலில் காமிரா தன் துளையை எஃப் 8 வரை சுருக்கினால் விட்டம் 10.7 மைக்ரான் ஆகிவிடும். ஏறக்குறைய ஆறு புள்ளிகளை ஒரே வட்டு மூடிக்கொள்ளும். அப்போது 1080 என்ற எண் பெயரளவில் மட்டுமே நிற்கும். இதை அறிந்த நல்ல தயாரிப்பாளர்கள், துளையை ஓரளவுக்கு மேல் சுருங்க விடாமல், சாம்பல் வடிகட்டி ஒன்றை வில்லைக்குப் பின்னால் தாமே விழும்படி அமைக்கிறார்கள். வாங்குபவர் எவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

அந்தி வந்தால் எதிர்த் துன்பம். பழைய 35 மி.மீ. புகைப்படச் சுருளின் ஒரு சட்டம் 36-க்கு 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. நம் தகட்டின் பரப்பு சுமார் 7 சதுர மி.மீ. வெளிச்சம் சேர்க்கும் நிலம் நூற்றிருபதில் ஒரு பங்கு! ஒளி, போட்டான்களாக வருகிறது. ஒரு புள்ளியில் 10,000 போட்டான் விழுந்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. வெறும் 100 போட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. மாலையில் எடுத்த படத்தில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும் மணல் பூச்சு இதுதான். இது காமிராவின் பழுதன்று, எண்ணிக்கையின் இயல்பு. பெரிய வில்லையும் பெரிய தகடும் இருந்தால் மட்டுமே இது குறையும். 'முந்நூறு மடங்கு ஜூம்' என்று கடைக்காரர் சொல்லும் எண்ணையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். வில்லை நகர்ந்து பெரிதாக்குவது பத்துப் பன்னிரண்டு மடங்குதான். மீதியெல்லாம் இருக்கும் புள்ளியை இழுத்துப் பெரிதாக்குவதே.

சுருக்கத்தின் விலை

ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 30 படம் என்று கணக்கிட்டால், இந்தக் காமிரா ஒவ்வொரு விநாடியும் பார்ப்பது ஏறக்குறைய 1,490 மெகாபிட். அட்டையில் அது எழுதுவதோ உயர்ந்த தரத்திலேயே 24 மெகாபிட். அறுபத்திரண்டில் ஒரு பங்கு! மீதி எங்கே போயிற்று?

காமிரா ஒரு சிக்கனக்காரர்போல் நடந்துகொள்கிறது. முதலில் ஒரு முழுப் படத்தை எழுதுகிறது. அடுத்து வரும் படங்களில் எது மாறியதோ அதை மட்டும் எழுதுகிறது. சுவர் மாறவில்லை, எழுத வேண்டாம். பேசுபவரின் உதடு மாறியது, எழுது. அத்துடன் நிறத்தின் நுட்பத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிக்காது என்பதால் அதிலும் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது. திருமண மேடையில் அமர்ந்திருக்கும் மணமக்களுக்கு இம்முறை வெகு பொருத்தம்.

புயலுக்கு? தென்னையின் ஒவ்வோர் ஓலையும் ஒவ்வொரு திசையில் அடித்துக்கொள்ளும்போது, படத்தில் மாறாத புள்ளி என்று எதுவுமே இல்லை. சிக்கனக்காரரின் கையில் உள்ள காசு 24 மெகாபிட் மட்டுமே. எனவே அவர் எல்லாவற்றையும் அரைகுறையாக எழுதுகிறார். படம் கட்டங்கட்டமாக உடைகிறது. அன்று காலை, காற்று முழுவதும் அடங்குமுன் நான் வாசலிலிருந்து எடுத்த ஒரு நிமிடக் காட்சியில் இதைக் கண்ணாரக் காணலாம். பின்னணிச் சுவர் தெளிவாக இருக்கிறது. ஆடும் மரம் பச்சைச் சதுரங்களாக இருக்கிறது. எதைப் பதிய விரும்பினேனோ அதில்தான் தெளிவு மிகக் குறைவு.

டியூப்லைட் தந்த பாடம்

என் காமிரா அமெரிக்கச் சந்தைக்கானது என்று சொன்னேன் அல்லவா? அதை வகுப்பறையில் முதன்முதல் இயக்கியபோது கரும்பலகை துடித்தது. காமிரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெட்டது காமிராவன்று, இரு நாடுகளின் மின்சாரம் ஒத்துப்போகவில்லை.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை உச்சம் தொடுவதால், சாதாரணச் சோக்குப் பொருத்திய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அமெரிக்க மின்சாரம் 60 சுற்று. அதற்கேற்ப அந்நாட்டுக் காமிரா விநாடிக்கு 60 முறை பார்க்கிறது. ஒவ்வொரு பார்வையும் 1/60 விநாடி நீடித்தால், அதற்குள் ஒளியின் துடிப்பு ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கும் வரும். ஒரு பார்வைக்கு இரண்டு உச்சம் அகப்படும், அடுத்ததற்கு ஒன்று. அதனால் வெளிச்சம் கூடிக் குறைகிறது.

தீர்வு எளிது. காமிராவின் ஷட்டர் காலத்தை 1/100 விநாடி என்று கையால் வைத்துவிட்டால், எப்போது பார்த்தாலும் ஒரே ஒரு முழுத் துடிப்பு உள்ளே வரும். துடிப்பு நின்றுவிடும். நம் நாட்டு முறைக் காமிராவில் 1/50 விநாடி வைத்தால் இரு முழுத் துடிப்பு. விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. மாறுமின்னோட்டப் பாடம் தெரிந்தால் போதும். ஆனால் காமிராவோடு வந்த கையேட்டில் இது ஓர் ஓரத்தில்கூட எழுதப்படவில்லை. 'தானியங்கி' என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாம் தானே நடக்கும் என்றுதான் இருந்தது. அந்தப் பொத்தானின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்: பயன்படுத்துபவரைத் தெரிந்துகொள்ளவிடாமல் அது தடுக்கிறது.

வளைந்த விசிறி

ஓடும் மின்விசிறியைப் படம் எடுத்துப் பாருங்கள். இறகுகள் அரிவாள்போல் வளைந்து தெரியும். பேருந்து சன்னலிலிருந்து எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து தெரியும். காரணம், இவ்வகை உணர்வி முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை வரிவரியாகப் படித்துச் செல்கிறது. இதற்கு 1/60 விநாடி ஆகும் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றும் விசிறி அதற்குள் 30 பாகை திரும்பிவிடும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து 25 செ.மீ. நகர்ந்துவிடும். ஆக, ஒரு படத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு நேரத்தைச் சேர்ந்தவை!

இதன் விளைவை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே கண்டோம். மாணவர்கள் ஒரு ரப்பர் பந்தைச் சுவரோரமாக விழவிட்டு, பின்னால் அளவுகோல் வரைந்து, காமிராவால் பதிந்தார்கள். ஆறு படத்துக்கு ஒருமுறை, அதாவது 0.2 விநாடிக்கு ஒருமுறை பந்து எங்கே இருக்கிறது என்று குறித்தார்கள். கணக்குப்படி 19.6 செ.மீ., 78.4 செ.மீ., 176.4 செ.மீ. வர வேண்டும். அடுத்தடுத்த இடைவெளிகள் 19.6, 58.8, 98.0, அதாவது 1:3:5. கலீலியோ சாய்தளத்தில் உருண்டைகளை ஓடவிட்டுக் கண்ட ஒற்றைப்படை விதி இதுதான். புத்தகத்தில் மட்டுமே அதைப் படித்த மாணவர்கள், தாம் விட்ட பந்தில் அதைப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆனால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வராமல் 10-ஐத் தாண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படியே. ஒரு மாணவிதான் விசிறியை நினைவுபடுத்தினார். பந்து படத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது காமிரா அந்த வரியைத் தாமதமாகப் படிக்கிறது. 0.6 விநாடி என்று நாம் எண்ணுவது உண்மையில் 0.617 விநாடி. அதைக் கொண்டு கணக்கிட்டால் விடை 10.3 வரை உயரும். காமிராவை 90 பாகை திருப்பிப் பக்கவாட்டில் வைத்து எடுத்தோம். இப்போது பந்து வரிகளின் நீளவாட்டிலேயே விழுகிறது, தாமதம் மாறுவதில்லை. விடை 9.8-ஐ நெருங்கி வந்தது. ஷட்டரையும் 1/1000 விநாடிக்கு மாற்றி வெயிலில் எடுத்தபோது, பந்தின் இழுபட்ட நிழல் 6 செ.மீ.-இலிருந்து 6 மி.மீ.-ஆகக் குறைந்தது.

கருவியின் குறையை அறிந்த பிறகு அக்குறையே பாடமாயிற்று. இத்தகைய அளவீட்டுக்கு டக்ளஸ் பிரவுன் என்ற அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் உருவாக்கிய 'டிராக்கர்' என்ற கணினி நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு நிறுத்துக் கடிகாரத்தை நாற்பது மாணவர் பங்கிடும் கல்லூரிக்கு இந்தக் காமிரா ஒரு வரப்பிரசாதம் என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

மக்கள் எடுத்த படம், அறிஞர் கண்ட அளவு

பந்தை அளக்கலாம், சரி. இயற்கையின் பெரு நிகழ்ச்சிகளை அளக்க முடியுமா? முடியும் என்பதற்கு மூன்று சான்றுகள் உண்டு.

1957 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் ஃபார்கோ நகரைச் சுழற்காற்று ஒன்று தாக்கியது. ஊர் மக்கள் பலர் அதைப் படம் எடுத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்த தெத்சுயா ஃபுஜித்தா நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களைத் திரட்டி, ஒவ்வொருவரும் எங்கே நின்று எடுத்தார் என்பதைக் கண்டறிந்து, சுழற்காற்று பிறந்து மறைந்த வரலாற்றை அளவுகளோடு எழுதினார்.

1992 அக்டோபர் 9 மாலை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வானில் ஒரு தீக்கோளம் பாய்ந்தது. பள்ளிக் கால்பந்து ஆட்டங்களைப் பதிந்துகொண்டிருந்தவர்களின் காமிராக்களில் அது அகப்பட்டது. பீக்ஸ்கில் என்ற ஊரில் நின்ற கார் ஒன்றின் மீது 12 கிலோவுக்கு மேற்பட்ட விண்கல் விழுந்தது. வெவ்வேறு இடங்களில் எடுக்கப்பட்ட 16 வீடியோப் பதிவுகளைக் கொண்டு, அக்கல் சூரியனைச் சுற்றிவந்த பாதையையே கணக்கிட்டார்கள்.

2004 டிசம்பர் 26-ஐக் கடலூர் மாவட்டம் மறக்காது. நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. அதே நாளில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் உயிர் தப்பியவர்கள் எடுத்த வீடியோப் படங்களை ஹெர்மன் ஃபிரிட்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். படம் எடுக்கப்பட்ட இடங்களுக்கே சென்று, படத்தில் தெரியும் நிலையான பொருள்களின் தூரங்களை அளந்தார்கள். நகருக்குள் புகுந்த நீரின் வேகம் விநாடிக்கு 2 முதல் 5 மீட்டர் என்று கண்டார்கள். ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கட்டடங்களை எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும், மக்கள் எவ்வளவு விரைவில் ஓட வேண்டும் என்பதற்கெல்லாம் இத்தகைய அளவே அடிப்படை.

இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதலிரண்டு நிகழ்ச்சிகளின்போது வீட்டு உபயோகத்துக்கு உயர்தெளிவுக் காமிராவே கிடையாது. மூன்றாவதன்போது அது அரிதான புதுப் பொருள். அறிஞர்களுக்கு உதவியது புள்ளிகளின் பெருக்கமன்று. படம் எடுத்தவர் நின்ற இடம் தெரிந்தது, பின்னணியில் அளக்கத்தக்க பொருள் இருந்தது, நேரம் தெரிந்தது. இம்மூன்றும் சேர்ந்தே அந்தப் படங்களைச் சான்றாக்கின.

என் படத்தின் குறை

இந்த உரைகல்லில் என் 'தானே' படத்தை உரசிப் பார்க்க வேண்டியது நியாயம்தானே?

புயலின் காற்று நம் அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கண் கிழக்கே கடலில் இருக்கும்போது நமக்கு வடக்கிலிருந்து காற்று வரும். கண் நம்மைத் தாண்டி மேற்கே சென்றதும் தெற்கிலிருந்து வரும். கண்ணின் பாதைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் இடையே மேல்காற்று அடிக்கும். வடக்கே உள்ள ஊர்களில் கீழ்காற்று அடிக்கும். பாதையிலேயே உள்ள ஊரில் சற்று அமைதி நிலவும். ஆகவே, ஒவ்வொரு ஊரிலும் மரம் எத்திசையில் விழுந்தது என்று வரைபடத்தில் அம்புக்குறி இட்டால், புயலின் கண் எவ்வழியே சென்றது என்பதைத் தோப்புகளே காட்டிக்கொடுக்கும். எந்த வயது மரம், எந்த மண்ணில், வேரோடு சாய்ந்ததா, நடுவில் முறிந்ததா என்பதும் சேர்ந்தால், அடுத்த தலைமுறை எங்கே எதை நடலாம் என்பதற்கு அது வழிகாட்டும்.

என் படத்தில் நூற்றுக்கணக்கான மரங்கள் விழுந்து கிடக்கின்றன. இலை நரம்புவரை தெரிகிறது. ஆனால் வடக்கு எது என்று தெரியவில்லை. எந்தத் தோப்பு என்று வாயால்கூட நான் சொல்லவில்லை. மரத்தருகே ஓர் ஆளையோ கோலையோ நிறுத்தியிருந்தால் அடிமரத்தின் பருமன் தெரிந்திருக்கும், நிறுத்தவில்லை. காமிராவின் கடிகாரம் அமெரிக்க நேரத்திலேயே இருந்தது. முற்பகல் எடுத்த படம் முந்திய நாள் இரவு என்று காட்டுகிறது. காமிராவை ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசி வீசி எடுத்ததால், வரிவரியாகப் படிக்கும் உணர்வியில் நேராக நின்ற மரங்களும் சாய்ந்தே தெரிகின்றன. சாய்ந்த மரத்தைப் பற்றிய படத்தில் இதைவிடப் பெரிய பிழை வேறென்ன வேண்டும்? ஐந்து மடங்கு தெளிவோடு எதுவும் சொல்லாத ஒரு படத்தை எடுத்திருக்கிறேன்.

வைத்திருப்பவர் பொறுப்பு

எடுத்ததாவது நிலைத்ததா? விநாடிக்கு 24 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரப் படம் 10.8 கிகாபைட். என்னிடம் இருந்த 16 கிகாபைட் அட்டை ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஊருக்கு மின்சாரம் திரும்பப் பல நாள் ஆயிற்று. வேறு அட்டை வாங்கப் பணமில்லை. அருகிலுள்ள ஊரின் வீடியோ நிலையம் ஒன்றில் கொடுத்து, டி.வி.டி. தட்டுகளில் ஏற்றி வாங்கினேன். அட்டையை அழித்துவிட்டு மீண்டும் படம் எடுக்கப் போனேன். அந்தத் தட்டில் படம் 720-க்கு 576 என்ற பழைய அளவில்தான் ஏறும் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஐந்தில் நான்கு பங்குத் தெளிவை என் கையாலேயே அழித்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தட்டுகளை எடுத்தபோது இரண்டு படிக்க மறுத்தன. எழுதும் தட்டுகளில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை; எங்கள் ஓட்டு வீட்டில் இரண்டும் தாராளம். ஒரு பழைய கணினியின் வன்தட்டில் 22 நிமிடப் படம் மட்டும் மூல வடிவில் பிழைத்துக் கிடந்தது. எங்கள் பின்கட்டில் நின்ற பலா விழுந்து கிடக்கும் காட்சி அதில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஆயா நிற்கிறார். இன்று அவர் இல்லை.

அந்த 22 நிமிடத்தில் பிற்காலத்துக்குப் பயன்பட்ட ஒரே அளவும் அவர் தந்ததே. ஆயாவின் உயரம் எங்களுக்குத் தெரியும். அவரை அளவுகோலாகக் கொண்டு அடிமரத்தின் பருமனைக் கணக்கிட்டோம். கேள்வி கேட்டவரே தம்மை அறியாமல் விடையாகவும் நின்றிருக்கிறார்.

காமிரா வாங்குவது யானை வாங்குவதுபோல. தீனிக்கும் கொட்டிலுக்கும் வழி பார்த்துக்கொண்டே வாங்க வேண்டும். என் காமிராவின் மின்கலம் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. உடன் வந்த நிரல் பழைய கணினியில் மட்டுமே ஓடும். நினைவக அட்டையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், நீண்ட பதிவைக் காமிரா துண்டு துண்டாக எழுதுகிறது. கோப்புறையை முழுதாக நகலெடுக்காமல் துண்டுகளை மட்டும் எடுத்தால், இணைப்பில் ஒலி அறுபடுவதுண்டு. எனவே முழுக் கோப்புறையை, மாற்றாமல், இரண்டு தனித்தனி வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைப்பதே முறை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வன்தட்டுக்கு மாற்றவும் வேண்டும். விதைநெல்லை ஆண்டுதோறும் விதைத்து எடுத்து வைப்பதுபோல்தான் இதுவும்.

முடிவாக

இந்தக் காமிராவை வாங்கலாமா என்று கேட்பவருக்கு என் விடை: இன்று இவ்வகைக் காமிரா கடைகளில் அரிதாகிவிட்டது. அதன் வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது. கைபேசியில் '4கே' என்று எழுதியிருக்கும். 3,840-க்கு 2,160, அதாவது 1080-ஐப் போல் நான்கு மடங்கு புள்ளிகள். ஆனால் தகடு சிறியதே, வரிவரியாகப் படிப்பது அதே, சுருக்குவது அதே, டியூப்லைட்டும் அதே. ஆகவே மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை உங்கள் சட்டைப் பையில் உள்ள கருவிக்கும் பொருந்தும். பழைய காமிராவுக்கென்று உள்ள சிறப்பு, வில்லையால் பெரிதாக்குவதும், முக்காலியில் அமர்ந்து நெடுநேரம் சலிக்காமல் பதிவதும். பரணில் ஒன்று கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். பள்ளி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள்.

கருவியைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது நேர்மையாகாது. அது தன்னால் இயன்றதைச் செய்தது. அதன் உடைமையாளனான நான்தான் பெட்டி மீதிருந்த எண்ணை நம்பி, இயற்பியலை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுத் தோப்புக்குப் போனேன்.

மாணவ நண்பர்களே! வங்கக் கடலில் வடகிழக்குப் பருவத்தில் மீண்டும் புயல் வரும். வெள்ளமும் வரும். கெடிலமும் தென்பெண்ணையும் கரை புரளும். அன்று உங்கள் கையில் ஒரு காமிரா கட்டாயம் இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் நில்லுங்கள். காமிராவின் கடிகாரம் சரியா என்று பாருங்கள். ஊர், தோப்பு, நேரம் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பதியுங்கள். வடக்கு எது என்று கையை நீட்டிக் காட்டுங்கள். ஓர் ஆளையோ கோலையோ படத்துக்குள் நிறுத்துங்கள். காமிராவை ஓரிடத்தில் ஊன்றி, பத்து விநாடியாவது அசையாமல் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நகல் எடுங்கள்.

'படம் புடிச்சி இன்னா பண்ணப் போற?' என்று யாரேனும் கேட்டால், உங்களிடம் விடை இருக்கும்.